குஷேஷேக்கு எந்த டிஃபரன்ஷியல்?

ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டு புலெங் எழுந்து உட்கார்ந்தாள்.

உட்காரத்தான் முடியும். மெத்தையை விட்டு இறங்கக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. ஆண்களோடு நேராகப் பேசக் கூடாது. நாளை சனிக்கிழமை விடியும்வரை இதுதான் சட்டம். சட்டம் போட்ட மட்செலிசோ அத்தை அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, மடியில் தட்டை வைத்துப் பூசணிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

மொஹாலே இறந்து ஓராண்டாகிறது. புலெங் உடுத்தியிருக்கும் கறுப்பை நாளை விடியற்காலையில் இந்த அத்தைதான் கழற்றிவிட வேண்டும். மொஹாலேயின் அப்பாவோடு பிறந்தவள் என்பதால் அந்த உரிமை அவளுக்கு மட்டும்தான். போன வாரம் ஃபிக்ஸ்பர்க்கிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூட அவள் சொன்ன இடம்தான்.

கறுப்பு கழன்றதும் கல்லறைக்குப் போய் மொஹாலேயின் பேர் பொறித்த கல்லைத் துணி விலக்கித் திறப்பார்கள். கல்லைத் திறந்ததும் அவனுடைய காரை, ஊர் குஷேஷே என்று கூப்பிடும் அந்தப் பழைய வெள்ளை வண்டியை, டயர் புகைய ஒருவர் சுழற்றிக் காட்ட வேண்டும். சோவெட்டோவில் வண்டி சுழற்றியவனை அப்படித்தான் அனுப்பிவைப்பார்கள். சுழற்றப் போவது மொஹாலேயின் தம்பி செலோ. அதில் யாருக்கும் சண்டையில்லை.

சண்டை அதற்கப்புறம். சாயங்காலம் மொஹாலேயின் தாய்மாமன் மொலாபோ உட்கார்ந்து, செத்தவனின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கொடுப்பார். காரையும்தான்.

"அத்தை, வெளிய என்ன நடக்குது?"

"நாளைக்கு வெட்டுற மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க."

"மாட்டை எதுக்கு ஜாக்கி வச்சுத் தூக்குறாங்க?"

அத்தை கத்தியை நிறுத்தினாள். எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "செலோ உன் வண்டிக்கு அடியில படுத்திருக்கான். காலு மட்டும் தெரியுது. சாக்ஸ்ல பொத்தல். ஒரு பொண்ணைக் கட்டிக்கன்னா கேக்க மாட்டேங்குறான்."

புலெங் காதைத் தீட்டிக்கொண்டாள். ஸ்பேனர் வழுக்கிய சத்தம். செலோவின் முனகல். பிறகு ஏதோ பிளாஸ்டிக் தொட்டியில் கெட்டியான எண்ணெய் கொழகொழவென்று விழுகிற சத்தம். இன்ஜின் எண்ணெய் இப்படி விழாது.

"டிஃபரன்ஷியலை இறக்குறான்," என்றாள்.

"இறக்கட்டுமே. மறுபடி ஏத்துவான்."

"அத்தை, அவனைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"நீ அவன்கிட்ட பேசக் கூடாது மகோட்டி."

மகோட்டி என்றால் வீட்டுக்கு வந்த புது மருமகள். இரண்டு குழந்தைகளைப் பெற்று, ஒருத்தியை வயதுக்கும் கொண்டுவந்தாயிற்று. அத்தைக்கு அவள் இன்னும் புதுசுதான்.

"நான் பேசல. நீங்க பேசுங்க. நான் உங்ககிட்ட பேசுறேன்."

அத்தை அதைச் சற்று யோசித்தாள். சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று தெரிந்ததும் ஜன்னலைத் திறந்து, "டேய் செலோ," என்றாள்.

செலோ வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். முழங்கைவரை எண்ணெய். குளிருக்குப் போட்டிருந்த அண்ணனின் பழைய கம்பளித் தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. அந்தத் தொப்பியும் பங்கு பிரியாத பொருள்தான். அதைப் பற்றி அத்தை வாயே திறக்கவில்லை என்பதைப் புலெங் கவனித்தாள்.

"எதுக்கு இறக்கினான்னு கேளுங்க அத்தை."

"எதுக்குடா இறக்கினே?"

"எனக்குக் காது கேக்குது அத்தை. அண்ணி பேசுறது எனக்கே கேக்குது."

"கேட்டாலும் கேக்கல. நான் சொன்னாத்தான் உனக்குக் கேக்கணும்."

செலோ வானத்தைப் பார்த்து மூச்சு விட்டான். "லிமிடெட் ஸ்லிப் போயிருச்சு. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிட்டு நியூட்ரல்ல கையால சுத்திப் பார்த்தேன். காத்தாடி மாதிரி சுத்துது. நாளைக்கு இதை வச்சுச் சுத்தினா ஒத்தச் சக்கரம்தான் புகையும். ஊரே சிரிக்கும். மொஹாலேயோட தம்பி ஒத்தக்கால்ல ஆடுறான்னு சொல்லுவானுங்க. அதான் வெல்டிங் வைக்கப்போறேன். தெரு முனையில கேட்டு செய்யுற பட்டறையில சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

புலெங்குக்குக் கறுப்புத் துணிக்குள் உடம்பு கொதித்தது.

அந்த டிஃபரன்ஷியலைத் தேடி அவளும் மொஹாலேயும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்திருக்கிறார்கள். இன்ஜினின் பலத்தைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு சோம்பேறி. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே பலத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். லிமிடெட் ஸ்லிப் அப்படி விடாது. உள்ளே அடுக்கிய பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கி, வழுக்காத சக்கரத்துக்கும் பலத்தைக் கொண்டுபோகும். திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடைக்காரர்கள் எல்லாப் பழைய இரும்பையும் லிமிடெட் ஸ்லிப் என்றுதான் விற்றார்கள். மேலே தகடுகூட அடித்து வைத்திருந்தார்கள். மொஹாலே தகட்டை நம்பமாட்டான். ஒரு பக்கம் அவன் பிடித்துச் சுற்றுவான், மறுபக்கம் எந்தத் திசையில் போகிறது என்று அவள் பார்த்துச் சொல்வாள். எதிர்த் திசையில் சுற்றினால் சாதாரணம். அப்படியே வைத்துவிட்டு அடுத்த கடை. ஒரே திசையில் சுற்றினால் அப்புறம்தான் பல் எண்ணிக்கை, விலை, மற்ற பேச்செல்லாம்.

வெல்டிங் என்பது வேறு. உள்ளேயுள்ள பற்சக்கரங்களை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிவிடுவது. சுழற்றுவதற்கு அருமையாக இருக்கும். வாரநாளில் தெருவில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு முனையிலும் டயர் கத்துவதும் பின்பக்கம் குதிப்பதும். ஒருநாள் அச்சு முறியும். வீடு வீடாக வாளியில் ஸ்கோன் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பிழைப்பு. பின் சீட்டில் அடுக்கிய வாளிகள் முதல் திருப்பத்திலேயே கவிழும்.

செலோவுக்கு இது தெரியாதா? தெரியும். தெருவுக்கு ஆகாத வண்டி யாருக்கு ஆகும் என்றும் தெரியும். ஏற்கெனவே டயர் அவனுடையது. ஸ்டீயரிங் அவனுடையது. இந்த ஓராண்டில் அண்ணனுக்காக, அண்ணனுக்காக என்று சொல்லி ஒவ்வொன்றாக மாட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு முன்னால் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னான். வெல்டிங்கும் வைத்துவிட்டால் நாளை மாமா யோசிக்கவே வேண்டியதில்லை.

அவன் கெட்டவன் என்று முடிவு கட்டியிருந்தால் அவளுக்கு இது சுலபமாக இருந்திருக்கும். செலோ கெட்டவன் இல்லை. அதுதான் அலுப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்கத் தரையில் படுத்தவன் அவன்.

"பிளேட்டு தேஞ்சா பிளேட்டை மாத்தணும்னு சொல்லுங்க. வெல்டிங் வச்சா திரும்ப எடுக்க முடியாது."

"பிளேட்டை மாத்தணுமாம்."

"பிளேட்டுக்கு எங்க போறது, இன்னிக்கு?"

"போன தடவை அதுல சாதா கியர் ஆயிலை ஊத்தினது யாருன்னு கேளுங்க அத்தை. லிமிடெட் ஸ்லிப்புக்குன்னு தனி ஆயில் இருக்குன்னு நான் சொல்லலையா? திருப்பத்துல முனகுதுன்னு சொன்னேனே, காதுல வாங்கினானா?"

அத்தை செலோ பக்கம் திரும்பினாள். "உன்னால நாசமாப் போச்சுங்குறா."

"நான் அப்படிச் சொல்லல."

"சுருக்கிச் சொன்னேன்."

செலோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆயிலு ஆயிலுதான். அண்ணன் இருந்தப்பவே தேஞ்சுதான் இருந்துச்சு. அவனும் மாத்தணும் மாத்தணும்னு சொன்னானே தவிர மாத்தல."

அது உண்மைதான். மாற்றவில்லை. புதுப் பிளேட்டு செட்டு வாங்கி வைத்தான், மாற்றவில்லை. அடுத்த வாரம் என்றான். மழை விடட்டும் என்றான். பிறகு படுத்துவிட்டான். புலெங்குக்குத் தன் துக்கத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. ஓராண்டாக அழுதது போதாதென்று இப்போது அவனைத் திட்டவும் வேண்டியிருக்கிறது. மாட்டிவிட்டாவது செத்திருக்கலாம்.

அவள் கண் தானாக மெத்தையின் கால்மாட்டுக்குப் போனது. அங்கே மொஹாலேயின் தகரப் பெட்டி. அவனுடைய சட்டைகள், ஞாயிற்றுக்கிழமை கோட்டு, இரண்டு பெல்ட்டு. அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பிளேட்டு செட்டு. வைத்தவள் அவள்தான். பூட்டியது அத்தை. சாவி அத்தையின் கழுத்துக் கயிற்றில்.

"அத்தை," என்றாள் மெதுவாக, "பிளேட்டு இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு."

பூசணித் தோல் தட்டிலிருந்து வழுக்கி விழுந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் உன் மாமா திறப்பாரு. அப்ப எடுத்துக்க."

"நாளைக்கு மத்தியானம் வண்டி சுத்தணும்."

"அப்ப வெல்டிங் வைக்கட்டும்."

"வெல்டிங் வச்சா எடுக்க முடியாது அத்தை."

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்க."

புலெங் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தக் கூடாது. ஒரு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, சத்தமில்லாமல் மூச்சு விடுவது.

"அத்தை, வெல்டிங் வச்சா என்ன ஆகும் தெரியுமா? வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். உள்பக்கம் கொஞ்சமா ஓடணும். ரெண்டையும் ஒட்டிட்டா, ஒண்ணு எப்பவும் தரையில இழுபட்டுக்கிட்டே வரும். தேஞ்சுக்கிட்டே வரும்."

அத்தை கத்தியைத் தட்டில் வைத்தாள். "நாப்பது வருஷம் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டுல நானும் அப்படித்தான் இழுபட்டேன்," என்றாள். பிறகு, அதைச் சொன்னது யார் என்பதுபோல் முகத்தை இறுக்கிக்கொண்டு, "அதுக்காகப் பெட்டியைத் திறந்துர முடியுமா?" என்றாள்.

புலெங் இதைப் போய்க் குடும்பத்துக்கு உவமையாக்க நினைக்கவில்லை. வண்டி வண்டியாகவே இருந்தால் போதும் அவளுக்கு.

"மாமாவுக்குப் போன் போடுங்க," என்றாள். "அவர் வேணாம்னா நான் இனி வாயைத் திறக்கல."

மாமா மொலாபோ க்வாக்வாவிலிருந்து, பத்துப் பதினைந்து பேர் நெருக்கி ஏறும் டாக்சியில் வந்துகொண்டிருந்தார். அத்தை போனை ஜன்னல் கட்டையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே டாக்சிக்காரன் பாட்டை உச்சத்தில் வைத்திருந்தான்.

"என்ன, மாடு ஓடிப்போச்சா?" என்றார் மாமா.

"மாடு இருக்கு. வண்டிதான்." அத்தை விஷயத்தைச் சொன்னாள். ஆச்சரியம் என்னவென்றால் முழுக்கச் சரியாகச் சொன்னாள். உள்சக்கரம், வெளிச்சக்கரம் எல்லாம்.

மறுமுனையில் யாரோ கேட்டார்கள், "என்ன வண்டி?" மாமா சொன்னார், "குஷேஷே." உடனே டாக்சிக்குள் ஒரே பேச்சு.

"வெல்டிங்தான் சார். எங்க தெருவுல எல்லாரும் வெல்டிங்தான்."

"உங்க தெருவுல எத்தனை பேரு வண்டியில வேலைக்குப் போறான்? வெல்டிங் வச்சவன் எல்லாம் டாக்சியிலதான் போறான்."

"நீயும் டாக்சியிலதானே போறே?"

"நான் வெல்டிங் வச்சவன். அதான் சொல்றேன்."

ஒரு பெண் குரல் கேட்டது: "அந்த அம்மா வண்டிதானே? அம்மாகிட்ட கேளுங்களேன்."

"வாயை மூடுங்க எல்லாரும்," என்றார் மாமா. "மட்செலிசோ, இந்த வண்டியில என்னால யோசிக்கவே முடியல. பெட்டியைத் திற. அதை மட்டும் எடு. துணியில கை வைக்காத. ஆனா கேட்டுக்க. நம்ம குடும்பத்துல பெட்டியை விட்டு வெளிய வந்த பொருள் பேரில்லாமத் தரையில படக் கூடாது. யாருக்குன்னு இப்பவே சொல்லிரணும். அப்புறம் மாத்த முடியாது."

"நீங்களே சொல்லுங்க," என்றாள் அத்தை.

"எனக்கு அந்த இரும்பைப் பத்தி என்ன தெரியும்? அதைத் தெரிஞ்சவ மகோட்டி. அவ சொல்லட்டும். தனக்குன்னு சொல்லக் கூடாது. கறுப்புல இருக்கிறவ கை நீட்டி வாங்கினா நல்லதில்ல."

ஜன்னலுக்கு வெளியே செலோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் பேராசை இல்லை. ஒரு மாதிரி மரியாதையான காத்திருப்பு. அதைப் பார்த்ததும் புலெங்குக்குச் சங்கடமாக இருந்தது.

அத்தை கயிற்றைத் தலைவழியே எடுத்தாள். பெட்டி திறந்தபோது ஒரு வாசனை வெளியே வந்தது. அவனுடைய சவரச் சோப்பு. புலெங் மூக்கை மூடிக்கொண்டாள். அதை இப்போது உள்ளே இழுத்தால் இன்றைக்கு வேறு எதற்கும் ஆகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அத்தை துணிகளைத் தொடாமல் ஓரமாகக் கையை விட்டுத் துழாவி, எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கீழே வைக்க முடியாமல், மேலேயும் தூக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"பேரைச் சொல்லு மகோட்டி. கனக்குது."

செலோ என்று சொன்னால் பிளேட்டு அவனுடையது. டயர், ஸ்டீயரிங், இப்போது வண்டியின் வயிற்றுக்குள்ளும் அவன் பொருள். செலோவுக்கு இல்லை என்று சொன்னால் அவன் அதை மாட்டமாட்டான், டிஃபரன்ஷியல் இன்னும் அரைமணியில் பட்டறையில் இருக்கும். பிள்ளைகள் பேரைச் சொல்லலாம். சின்னவர்கள் பேரில் இருப்பது சித்தப்பன் பொறுப்பில் என்று மாமா சொல்லிவிடுவார். சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்க் காகிதம் அத்தையின் ஏப்ரனில் கறை வைத்திருந்தது. அத்தை அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அத்தைக்கு," என்றாள் புலெங்.

டாக்சிக்குள் யாரோ பாட்டைக் குறைத்தார்கள்.

"யாருக்கு?" என்றார் மாமா.

"மட்செலிசோ அத்தைக்கு. பிளேட்டு அத்தையோடது," என்றாள் புலெங், போனைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து.

"அண்ணி," என்றான் செலோ, சட்டத்தை மறந்து. "அத்தைக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"மாமா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குன்னு சொல்லலையே. இதை அவன்கிட்ட சொல்லுங்க அத்தை."

மறுமுனையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு மாமாவும். "சரி. பேர் விழுந்தாச்சு. மட்செலிசோவோட பிளேட்டு. அது உள்ள இருக்கிறவரைக்கும் அவளைக் கேக்காம அந்த வண்டியை யாரும் எங்கயும் கொண்டுபோக முடியாது. நாளைக்கு எனக்குப் பாதி வேலை குறைஞ்சுது." போன் துண்டித்தது.

அத்தை பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதுவரை பெட்டிகளைத் திறக்கவும் உடைகளைக் கழற்றவும்தான் உரிமை இருந்தது. பங்கு வாங்குகிற வரிசையில் எந்தக் குடும்பமும் அவளை நிறுத்தியதில்லை என்பது புலெங்குக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஒரு தந்திரமாகத்தான் சொன்னாள். அது கொஞ்சம் உறுத்தியது.

உறுத்தல் வெகுநேரம் நீடிக்கவில்லை.

அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"கையைத் துடைச்சுட்டுத் தொடுடா. அது என் பிளேட்டு."

"அத்தை, எண்ணெயிலதான் இருக்கப் போகுது."

"நல்ல எண்ணெய்ல இருக்கட்டும். எந்த எண்ணெய்?"

செலோ கடைக்கு ஆள் அனுப்பினான். வந்த டின்னை அத்தை ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டினாள். புலெங் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சரியான எண்ணெய், லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியது.

"மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளேட்டையும் அதுல ஊற வைக்கணும் அத்தை. வறட்டுல மாட்டினா முதல் நாளே தேஞ்சிரும். அப்புறம் ரெண்டு பக்கமும் மெல்லிசா வளையம் இருக்கும். இடது பக்க வளையம் இடதுக்கே போகணும். மாத்திட்டா பல்லு ஊளையிடும்."

அத்தை போய்ச் சொன்னாள். செலோ தனக்குத் தெரியும் என்றான். தெரிந்தால் ஏன் இரண்டையும் ஒரே தட்டில் போட்டாய் என்று அத்தை கேட்டாள். ஒரு வளையத்தை எடுத்து வேறு தட்டில் வைக்கும் சத்தம் வந்தது. ஸ்கோனுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் வந்து பிளேட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி எட்டித் தொடப் போய்த் திட்டு வாங்கினாள்.

புலெங் மெத்தையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். செலோ இப்போது முனகவில்லை. வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு நேரத்தில் விசில்கூட அடித்தான், மொஹாலே அடிக்கிற அதே மெட்டில். அவள் அதைக் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்குள் டிஃபரன்ஷியல் மறுபடி ஏறியது. பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார்கள்.

"அத்தை, இந்தப் பக்கம் பிடிச்சுச் சுத்துங்க," என்றான் செலோ. "உங்க பிளேட்டுதானே."

செருப்பு தரையில் உரசும் சத்தம். பிறகு ஊளையில்லாமல், முனகலில்லாமல், கனமாக ஒன்று உருண்டது.

"அந்தப் பக்கமும் அதே திசையில வருது," என்றாள் அத்தை. யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஜன்னலுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

புலெங் தலையணையில் சாய்ந்தாள். காலையிலிருந்து முதல்முறையாகத் தோள் இறங்கியது. வண்டியைத் தெருவில் கொஞ்ச தூரம் எட்டுப் போட்டு ஓட்டினால் எண்ணெய் பிளேட்டுக்கு இடையில் நன்றாகப் போய்விடும். அதையும் சொல்லியனுப்ப வேண்டும். நாளை செலோ சுழற்றட்டும், கைதட்டு வாங்கட்டும். திங்கட்கிழமை வாளிகள் கவிழாது.

அத்தை உள்ளே வந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். கை முழங்கைவரை கறுப்பு. அதைக் கழுவும் எண்ணம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"ரொம்ப நன்றி அத்தை," என்றாள் புலெங். "செலோகிட்டயும் சொல்லுங்க. நாளைக்கு நல்லாச் சுத்துவான்."

"செலோ நல்ல பையன்தான்," என்றாள் அத்தை. உட்கார்ந்தவள், தரையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முதலில் வலதையும் பிறகு இடதையும் அழுத்திப் பார்த்தாள்.

"மகோட்டி, அந்த கிளட்சுங்குறது எந்தக் காலுக்கு?"